சுங்கை சிப்புட்டில் ஒரு கடன் பட்டிமன்றம்

வியாழன்

மலேசியாவில் ஈப்போவைத் தாண்டியதும் சுண்ணாம்புக் குன்றுகள் கொஞ்ச தூரம் ரயில் ஜன்னலோடு கூடவே வந்தன. அப்புறம் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. கண்ணுக்கெட்டியவரை செம்பனைதான். ரப்பர் காட்டைப் பார்க்கும் ஆசையில் வந்தவனுக்கு இது முதல் ஏமாற்றம். ஸ்டேஷனில் இறங்கியதுமே "ரப்பர் எங்கே மாமா?" என்றேன். "அதெல்லாம் வெட்டி எவ்வளவோ காலமாச்சு மாப்ளே. பசியாறிட்டீங்களா, அதை முதல்ல சொல்லுங்க" என்றார்.

மாமா என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் வருகையும் கூலியும் பதியும் செக்ரோல் எழுதிய கை அது. இன்றைக்கும் கடைக்காரர் கொடுக்கும் சில்லறையை எண்ணாமல் பையில் போட மாட்டார். நானும் தமிழ்நாட்டில் கூட்டுறவுத் தணிக்கையில் காலம் தள்ளியவன். எங்களுக்குள் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

சுங்கை சிப்புட் சின்ன ஊர்தான், ஆனால் மலாயா வரலாற்றில் இதற்குப் பெரிய இடம். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தை அறிவித்தது. அது 12 ஆண்டு நீடித்தது. மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். அவர் முயற்சியில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலை இன்னும் நடக்கிறது. 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்த பள்ளி.

சாயங்காலம் கோயில் இளைஞர் குழுவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். சனிக்கிழமை மண்டபத்தில் பட்டிமன்றமாம். தலைப்பு: ஏழை நாடுகளைக் கரையேற்றுவது கடன் தள்ளுபடியும் வெளிநாட்டு உதவியுமா, சொந்தக் காலில் நிற்பதா? மாமியாரா மருமகளா, பணமா பாசமா என்று ஓடுகிற மேடைக்கு இந்தத் தலைப்பு எப்படி வந்தது என்று கேட்டேன். மாமாவின் பேத்தி கொடுத்ததாம். ஆறாம் படிவத்தில் பொருளாதாரம் படிக்கிறாள். நான் நடுவராக உட்கார வேண்டும் என்றார்கள். ஊரிலிருந்து யாராவது வந்தால் உடனே மைக்கை நீட்டிவிடுவது இங்கே வழக்கம் போலிருக்கிறது. தீர்ப்பு எழுதி ஓய்ந்தவன் நான், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன் என்று சொல்லி நழுவிவிட்டேன்.

பேத்தி எதிரணி, சொந்தக் கால் கட்சி. ராத்திரி சாப்பாட்டில் பிடித்துக்கொண்டாள். "மாமா, உங்க ஊர்ல கடன் தள்ளுபடி நிறைய செய்வாங்கதானே?" செய்வார்கள். 2021 பிப்ரவரியில் மட்டும் கூட்டுறவுச் சங்கங்களில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளினார்கள். அதே வருடம் ஆட்சி மாறியதும் ஐந்து சவரன் வரை நகைக்கடன் தள்ளுபடி. அதைச் சரிபார்க்கப் போனபோது, ஒரே குடும்பம் பல கடன் வாங்கியிருந்ததும், சில இடங்களில் கவரிங் நகைக்கே பணம் கொடுத்திருந்ததும் வெளியே வந்தது. "கவரிங்கா!" என்று சிரித்தபடி நோட்டில் குறித்துக்கொண்டாள். அதே தள்ளுபடியால் கந்துவட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் தப்பியவர்களும் உண்டு என்றேன். அதை எழுதவில்லை. எதிரணி அல்லவா.

வெள்ளி

காலையில் மாமாவின் பழைய புரோட்டோன் சாகா காரில் அவர் வேலை பார்த்த தோட்டத்துக்குப் போனோம். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது. மீதியில் வங்காளதேசத்துப் பையன்களும் இந்தோனேசியர்களும். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையின் தகரக் கூரை துருப்பிடித்து ஒரு பக்கம் இறங்கிவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் இருந்த இடத்தில் லாரி திருப்புகிறார்கள். ஓடையை ஒட்டி யாரோ வெட்டாமல் விட்ட பத்துப் பதினைந்து ரப்பர் மரம் மிச்சம் இருந்தது. ஒரு மரத்தில் பால் பிடிக்கும் மங்கு இன்னும் கம்பியில் தொங்கியது. அடியில் கறுத்துப்போன ஒட்டுப்பால், மேலே மழைத் தண்ணீர், அதில் கொசுப் புழு. மாமா அதைக் கவிழ்த்துவிட்டு, மரத்தின் வெட்டுத் தழும்பை விரலால் தடவிப் பார்த்து, "கத்தி ஆழமா இறங்கியிருக்கு. நல்லா வெட்டத் தெரியாதவன்" என்றார்.

அங்கேயே கட்டையில் உட்கார்ந்து அவருடைய தாத்தா கதையைச் சொன்னார். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்த காலம். கப்பல் கூலி, வழிச்சாப்பாடு, ஊரில் அடைத்த பழைய பாக்கி எல்லாம் சேர்ந்து, மரத்தைத் தொடும் முன்பே ஆள் தலையில் கடன். சம்பளத்தில் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு பாக்கி என்பது கங்காணிக்கும் தொரைக்கும் (வெள்ளைக்கார நிர்வாகி)தான் தெரியும். கைநாட்டு வைக்கிறவனுக்குத் தெரியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இது இன்னும் மோசம். துண்டு என்று ஒரு சீட்டு எழுதுவார்கள். இந்த ஆளின் கடன் இவ்வளவு, இதை அடைக்கும் தோட்டம் இவனைக் கூட்டிப் போகலாம் என்று. ஆளோடு கடனும் கைமாறும். 1921இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

மலாயாவில் 1907இலேயே ஒரு மாற்றம் வந்தது. தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை வைத்து, தோட்டக்காரர்களிடம் வரி வசூலித்து, அதிலிருந்து கப்பல் கூலி கட்டினார்கள். வருகிறவன் பயணக் கடன் இல்லாமல் இறங்கினான். 1910இல் ஒப்பந்தத்தில் ஆளைக் கட்டிப்போட்ட சஞ்சிக்கூலி முறையும் போனது. இன்றைய பாஷையில் சொன்னால் இதுவும் ஒரு கடன் நிவாரணம்தான். அதனால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் ஆண்களின் நாள்கூலியை 50 காசிலிருந்து 40 காசுக்கு இறக்கினார்கள், அப்புறம் இன்னும் இறக்கினார்கள், வேலை இல்லாதவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். கடன் இல்லைதான். ரப்பர் விலையை நிர்ணயித்தது லண்டன், கூலியை நிர்ணயித்தது தோட்டக்காரர் சங்கம். "எங்க தாத்தாவைக் கேட்டு யார் எதைச் செஞ்சா?" என்றார் மாமா.

மத்தியானம் கோலகங்சார் போனோம். 1877இல் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று வேலி போட்டு நிற்கிறது. நல்ல மழை. காரை விட்டு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாமா அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துக் காட்டினார். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ் புத்தகம், அவர் அப்பா பெயரில். மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். லயத்திலிருந்த ஜனம் நடுத்தெருவுக்கு வந்தது. 1960இல் சம்பந்தன் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறவர் மாதம் பத்து வெள்ளி (இந்த நாட்டு நாணயம்) கட்டி நூறு வெள்ளிக்குப் பங்கு எடுப்பது. அந்தக் காசை வைத்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சிடிம். புத்தகத்தில் ஒவ்வொரு பத்து வெள்ளிக்கும் எதிரே ஊதா மையில் ஒரு கையெழுத்து. ஒரு மாதம் மட்டும் ஐந்து வெள்ளி, பக்கத்தில் "பாக்கி 5", அடுத்த வரியில் "பாக்கி வரவு". தணிக்கைக்காரன் கண்ணுக்கு இதைவிட அழகான பக்கம் கிடையாது.

சங்கத்தைப் பற்றி மாமாவுக்கு மனக்குறைகளும் உண்டு. பங்காளிகள் நிலத்துக்கு நேரடி உரிமையாளர் ஆகவில்லையே என்பது அதில் பெரிசு. அதைத் தனியாக எழுத வேண்டும்.

சனி

ஏழரை என்று போட்டுவிட்டு எட்டேகாலுக்குத் தொடங்கினார்கள். நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது. பாதிக்கு மேல் பாட்டிமார். வாசலில் பெரிய வாளியில் ரோஜா சிரப்பும் ஐஸும். நடுவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருக்குறள் சொல்லாமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டார்.

உதவி வேண்டும் என்ற அணியில் முதலில் பேசியவன் சட்டம் படிக்கிற பையன். எடுத்ததும் ஜெர்மனி. "1953இல் லண்டனில் மேற்கு ஜெர்மனியின் கடனில் ஏறக்குறைய பாதியைத் தள்ளினார்கள். மிச்சத்தையும், உன் ஏற்றுமதி உபரிக்கு ஏற்ற மாதிரி நீட்டிக் கட்டு என்றார்கள். கையெழுத்துப் போட்ட நாடுகளில் சிலோனும் ஒன்று! அன்றைக்கு ஜெர்மனிக்கு விட்டுக்கொடுத்த அதே இலங்கை, 2022இல் கடன் கட்ட முடியாமல் நின்றபோது உலகம் என்ன சொன்னது?" நல்ல கைதட்டல். இந்தச் செய்தி எனக்குப் புதிது.

அடுத்து ஒரு நர்ஸ். மேடைப் பேச்சு வரவில்லை, ஆனால் விஷயம் இருந்தது. உலக வங்கியும் சர்வதேச நிதியமான ஐ.எம்.எஃப்பும் 1996இல் கொண்டுவந்த பெருங்கடன் நாடுகளுக்கான திட்டத்தை விளக்கினாள். கடன் உடனே போய்விடாது, ஐ.எம்.எஃப் சொல்கிறபடி வரவு செலவை ஒழுங்குபடுத்தி, ஏழ்மைக் குறைப்புத் திட்டம் எழுதி, சில வருடம் நடந்து காட்ட வேண்டும். அதற்கு அப்புறம்தான் முழுத் தள்ளுபடி. 2005இல் தொழில் வளர்ந்த எட்டு நாடுகளின் குழுவான ஜி8 நாடுகள் ஸ்காட்லாந்தில் கூடி அதை இன்னும் பெரிதாக்கின. ஆப்பிரிக்காவிலுள்ள சாம்பியா அந்த வருடம்தான் படிகளை முடித்தது, 2006இல் கிராமத்து ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை எடுத்தது. "வாசல்ல காசு கேக்காம உள்ளே விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், நான் வார்டுல நிக்கிறவ" என்றாள். அன்றைக்குப் பேசியவர்களில் இவள்தான் என்னை அசைத்தாள்.

எதிரணியில் நம் பேத்தி. ஆப்பிரிக்கா பக்கமே போகவில்லை. "கிளந்தான் போயிருக்கீங்களா? பெர்காவு அணை தெரியுமா?" என்று தொடங்கினாள். பாட்டிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கதை இதுதான். 1988இல் பிரிட்டனும் மலேசியாவும் பெரிய ஆயுத விற்பனைக்குப் பேசின. சுமார் 100 கோடி பவுண்டு பெறும். அந்தப் பேச்சில் உதவிப் பணத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். அதிலிருந்து வந்ததுதான் பெர்காவு அணைக்கான உதவி. அணையின் மதிப்பு 31.6 கோடி பவுண்டு என்று சொல்லிப் பிரிட்டன் வாக்குக் கொடுத்தது. சில வாரத்திலேயே அது 39.7 கோடி ஆனது. இது மலேசியாவுக்கே கட்டுப்படியாகாத மின்சாரம், உதவிப் பணத்தை இதில் போடுவது முறையில்லை என்று லண்டனில் உதவித் துறையின் தலைமை அதிகாரி டிம் லங்கெஸ்டர் எழுதியே வைத்தார். அமைச்சர்கள் அவரை மீறி உத்தரவு போட்டார்கள். மொத்த உதவி 23.4 கோடி பவுண்டு. 1994இல் ஒரு தொண்டு அமைப்பு வழக்குப் போட, லண்டன் உயர்நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. அதே வருடம் பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதியதில் கோபப்பட்டு, மகாதீர் அரசு பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு அரசாங்க வேலை கிடையாது என்று சில மாதம் கதவைச் சாத்தியது.

"உதவி யாருக்குப் போச்சு? ஆயுதம் விற்றவனுக்கும் அணை கட்டினவனுக்கும். கேட்டவன் ஏழையும் இல்லை, கொடுத்தவன் தர்மவானும் இல்லை" என்று முடித்தாள். மாமா கைதட்டவில்லை, மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்கு அது கைதட்டலைவிடப் பெரிசு.

அவளுக்குப் பின்னால் வந்த லாரிக்காரர் சாம்பியாவையே திருப்பி அடித்தார். தள்ளுபடி கிடைத்து ஏழு வருடம்கூட நன்றாக முடியவில்லை, 2012இல் 75 கோடி டாலருக்கு வெளிநாட்டில் கடன் பத்திரம் விற்றது, 2014இல் 100 கோடி, 2015இல் 125 கோடி. செம்பு விலை சரிந்தது. 2020இல் வட்டி கட்ட முடியவில்லை என்று கையை விரித்தது. இதற்கு நடுவில் இன்னொரு கூத்து: 1979இல் ருமேனியாவிடம் டிராக்டர் வாங்கப் பட்ட பழைய கடனை ஒரு நிதி நிறுவனம் 1999இல் முப்பத்து மூன்று லட்சம் டாலர் சுமாருக்கு வாங்கி வைத்துக்கொண்டு, ஐந்தரைக் கோடி கேட்டு லண்டனில் வழக்காடியது. 2007இல் ஒன்றரைக் கோடிக்கு மேல் தீர்ப்பு வாங்கியது. மற்றவர்கள் தள்ளிக்கொடுத்த மிச்சத்தில் இவர்கள் அறுவடை. இதை அவர் தன் அணிக்கு ஆதரவாகச் சொன்னார். எனக்கென்னவோ அது எதிர்ப்பக்கத்துக்கு உதவுகிற சாட்சி என்றே பட்டது. கடன் கொடுத்த எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைக்காமல் தள்ளினால் இப்படித்தான் ஆகும்.

கடைசியில் மைக் என்னிடமும் வந்தே விட்டது. இரண்டு அணியும் தொடாத உகாண்டாவைச் சொன்னேன். 1990களின் தொடக்கத்தில் அரசு பள்ளிகளுக்கு அனுப்பிய மானியத்தில் எவ்வளவு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது என்று உலக வங்கி ஆய்வாளர்கள் பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்த்தார்கள். 13 விழுக்காடு. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை. மாவட்ட அலுவலகத்திலேயே கரைந்துவிட்டது. அப்புறம் அரசு ஒரு காரியம் செய்தது. எந்த மாவட்டத்துக்கு இந்த மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாளில் போட்டது. பள்ளிக்கு வந்த பணத்தைப் பள்ளிச் சுவரிலேயே ஒட்டச் சொன்னது. 2001 வாக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. 1998இல் கடன் நிவாரணம் முதலில் கிடைத்ததும் இதே உகாண்டாவுக்குத்தான். மிச்சமான பணத்தைத் தனி நிதியில் போட்டு, எதற்குச் செலவு என்று வெளியே காட்டினார்கள். 1997இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை எடுத்தபோது முப்பது லட்சமாக இருந்த பிள்ளைகள் ஐம்பது லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்; அவர்களுக்கு வகுப்பறை கட்ட இந்தப் பணம் போனது. தள்ளுபடி நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால், சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று முதலில் பார்ப்பேன் என்றேன்.

நான் உட்கார்ந்ததும் இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். பால்மரம் வெட்டியவர், விரல்களைப் பார்த்தாலே தெரிகிறது. "சுவத்துல ஒட்டுனீங்க, சரி. படிக்கத் தெரியாதவங்க என்ன செய்வாங்க?" மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அது சரியான கேள்வி. உகாண்டாவில் பத்திரிகை கைக்கு வராத, படிக்காத பெற்றோர் ஏராளம். பதில் சொல்வதற்குள் நடுவர் மணியை அடித்துவிட்டார்.

தீர்ப்பு? உதவியும் வேண்டும், உழைப்பும் வேண்டும். இதைக் கேட்கவா இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்! பட்டிமன்ற நடுவர்களுக்கு ஒரு பக்கம் சாயத் துணிவே வராது. சாப்பாடு மட்டும் குறையில்லை.

ஞாயிறு

காலையில் ரொட்டி சானாய் வாங்கிவந்து வட்டமாக உட்கார்ந்தோம். பேத்திக்கு இன்னும் சூடு ஆறவில்லை. "மாமா, நீங்க ரெண்டு பக்கமும் பேசிட்டீங்க" என்று என்னைக் குற்றம் சாட்டினாள். எனக்கு ஒரு பக்கம் உண்டு என்று சொல்லி, நேற்று மேடையில் நேரமில்லாமல் விட்டதை மாமாவுக்குக் கணக்காகவே போட்டுக் காட்டினேன்.

2005இல் பணக்கார நாடுகளின் உதவித்தொகை திடீரென்று எகிறி 10,000 கோடி டாலரைத் தாண்டியது. பெருந்தன்மை பொங்கிவிட்டது என்று நினைக்கக் கூடாது. கடன் கொடுத்த நாடுகளின் குழுவான பாரிஸ் கிளப் ஈராக்குக்கும் நைஜீரியாவுக்கும் தள்ளிய கடன் அதில் பெரிய பங்கு. நைஜீரியாவின் பாரிஸ் கிளப் கடன் சுமார் 3,000 கோடி டாலர். 1,800 கோடி தள்ளுபடி, மீதி 1,200 கோடியை அது கட்டியே தீர்த்தது. ஈராக்கின் கடனோ சதாம் காலத்தில் ஏறியது, வசூலாகும் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். வராக்கடனை எழுதித் தள்ளிவிட்டு, அதையே நன்கொடைத் தலைப்பில் வரவு வைத்திருக்கிறார்கள். என் பணிக்காலத்தில் ஒரு சங்கச் செயலாளர் இப்படி எழுதியிருந்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிருக்கும். "தோட்டத்து மளிகைக் கடைக்காரன்கூட இப்படி எழுதலியே" என்று மாமா குலுங்கிச் சிரித்தார்.

ஆனாலும் தள்ளத்தான் வேண்டும் என்பது என் கட்சி. சர்வாதிகாரி மொபுட்டு சயீரில் (இன்றைய காங்கோ) வாங்கித் தின்ற கடனைக் காங்கோவின் பேரப்பிள்ளைகள் தலையில் வைப்பதில் எந்த நியாயமும் இல்லை. அவர் ஆட்சியின் லட்சணம் கடன் கொடுத்தவர்களுக்குத் தெரியாததல்ல. மத்திய வங்கிக்குள் ஐ.எம்.எஃப் அனுப்பிய எர்வின் புளூமெந்தாலே 1982இல் எழுதிக் கொடுத்தார், இந்தப் பணம் திரும்பாது என்று. அதற்கு அப்புறமும் கொடுத்தார்கள். தெரிந்து கொடுத்தவனும் நட்டத்தில் பங்கெடுக்கட்டும்.

இதற்கும் அவள் மசியவில்லை. ஆசிய நிதி நெருக்கடி நடந்த 1998ஐ எடுத்தாள். மலேசியா ஐ.எம்.எஃப் பக்கம் போகாமல், செப்டம்பர் முதல் தேதி பணம் நாட்டைவிட்டு ஓடாமல் மூலதனக் கட்டுப்பாடு போட்டு, மறுநாள் ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டி நிறுத்தித் தப்பவில்லையா என்றாள். தப்பியது. கையிருப்பும் பெட்ரோலியமும் இருந்த நாடு, அன்னியக் கடனும் அடக்கமாக இருந்த நாடு. ஆப்பிரிக்காவின் ஏழை நாடான மலாவியை அதே மாதிரி செய்யச் சொல்ல முடியுமா?

பேச்சு அப்படியே உள்ளூருக்கு வந்துவிட்டது. 2021இல் ஃபெல்டா என்ற அரசு நிலக் குடியேற்றத் திட்டத்தின் குடியேறிகளின் கடன் 830 கோடி வெள்ளியை அரசாங்கம் தள்ளியதை மாமா எடுத்தார். "அவங்களுக்கு நிலம் கொடுத்து, அந்த நிலத்துக் கடனையும் தள்ளியாச்சு. நம்ம ஆளுங்களுக்குத் தள்ளுறதுக்குக் கடனே இல்லை, ஏன்னா நிலமே கொடுக்கல." ஃபெல்டா குடியேறிகளும் ஏழைகள்தானே தாத்தா, அவர்களுக்குத் தள்ளியது தப்பா என்றாள் பேத்தி. தப்பு என்று சொல்லவில்லை என்றார் மாமா. அப்படியானால் நேற்று நான் எதிரணியில் பேசியது தப்பா என்றாள். அதற்கும் அவர் இல்லை என்றார். ரொட்டி ஆறிப்போய்விட்டது, இருவரும் விடுவதாக இல்லை. அடுத்த பட்டிமன்றத்துக்கு இதையே தலைப்பாக வைக்கலாமா என்று அவள் இளைஞர் குழுவுக்குப் போன் செய்துகொண்டிருக்கிறாள். கோயில் கமிட்டி ஒத்துக்கொள்ளுமா என்பது மாமாவின் சந்தேகம்.

எனக்கு இரண்டு மணிக்குப் பினாங்கு பஸ். அடுத்த பதிவு ஜார்ஜ்டவுனிலிருந்து.